மனு எழுதிக் கொடுப்பதும் வரமா?

கேள்வி (சுருக்கமாக): ஐயாவுக்கு ஸ்தோத்திரம். பாம்பன் பக்கம் ஒரு கடலோரக் கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 41. வீட்டுக்காரர் நாட்டுப்படகில் போகிறார். நான் கடல்பாசி எடுக்கப் போவேன். பத்தாவது வரை படித்திருக்கிறேன். போன மாதம் சபையில் மூன்று நாள் ஆவிக்குரிய வரங்கள் முகாம் நடந்தது. ஒரு கேள்வித்தாள் கொடுத்து டிக் போடச் சொன்னார்கள். எனக்கு எதிலும் மார்க் வரவில்லை. பிரசங்கம் வராது, பாட்டு வராது, ஆவியில் நிறைந்து, கற்காத மொழியில் பேசுகிற அந்நிய பாஷையும் கிடைக்கவில்லை. "விசுவாசக் குறைவு, உபவாசம் இருந்து கேள்" என்கிறார் ஒரு அக்கா. எனக்குத் தெரிந்தது மனு எழுதுவது மட்டும்தான். நலவாரிய அட்டை, மீன்பிடித் தடைக்கால நிவாரணம், விதவை உதவித்தொகை, இலங்கையில் பிடிபட்டவர்களுக்காகக் கலெக்டருக்கு மனு என்று யார் கேட்டாலும் எழுதுவேன், கூடவும் போவேன். ஆள் பிடிபட்ட வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தால் இரண்டு நாள் சோறு இறங்காது. வீட்டுக்காரர், "ஊரைச் சுமந்தது போதும், வீட்டைப் பாரு" என்கிறார். போதகர் ஞாயிறு பள்ளி எடுக்கச் சொல்கிறார். பிள்ளைகள் முன் நின்றாலே எனக்கு வாய் உலர்ந்துவிடுகிறது. ஒரு சகோதரர், "மனு உலக வேலை, ஆத்தும ஆதாயம் செய், மனுவோடு ஒரு சுவிசேஷக் கைப்பிரதியாவது கொடு" என்கிறார். மனுவுக்குக் காசு வாங்கலாமா என்பதும் தெரியவில்லை. எனக்கு வரம் இருக்கிறதா, இல்லையா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கோடு போட்ட நோட்டுத்தாளில், இரண்டு பக்கமும் நிறைய, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்து சேர்ந்தது. இடது பக்கம் தாளை மடித்து மார்ஜின் விட்டிருக்கிறீர்கள். அனுப்புநர், பெறுநர், "பொருள்: ஆவிக்குரிய வரம் குறித்து விளக்கம் கோருதல், தொடர்பாக" என்று எழுதி, கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறீர்கள். கடைசியில் நகல் ஒன்று கைவசம் இருக்கிறது என்ற குறிப்பு வேறு. நான் அந்தக் கரையில் பல வருஷம் ஊழியம் செய்தவன். பாசி எடுக்கப் போகிற பெண்கள் விரல் விரலாகப் பழைய துணியைக் கிழித்துச் சுற்றிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சுற்றாவிட்டால் பாறை கிழித்துவிடும். அந்த விரல்கள் இவ்வளவு சுத்தமாக ஒரு கடிதம் எழுதியிருக்கின்றன என்பதை நினைத்துக்கொண்டு சற்று நேரம் தாளைக் கையிலேயே வைத்திருந்தேன்.

உங்களுக்கு வரம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை இனி நிதானமாகப் பேசலாம்.

வரம் என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் திசை திருப்பிவிடுகிறது என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம் உண்டு. தமிழில் வரம் என்றவுடனே தவம் கிடந்து, கால் கடுக்க நின்று, சாமியிடம் வாங்குவது என்றுதான் மனதில் படிந்திருக்கிறது. நம் பாட்டிமார் சொன்ன கதைகளில் எல்லாம் அப்படித்தான். அதனால்தான் உங்கள் சபை அக்கா, "உபவாசம் இருந்து கேள்" என்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வரங்களைப் பற்றி நிருபங்களில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் கரிஸ்மா. கிருபை என்று பொருள்படும் கரிஸ் என்பதிலிருந்து வந்தது. தவத்துக்குக் கூலியாகக் கிடைப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. கேட்காதவனுக்கும் மனமுவந்து கொடுப்பதுதான் அது. உபவாசம் நல்லது, இருங்கள். ஆனால் ஏற்கெனவே கையில் இருப்பதை இல்லை என்று சொல்லிக்கொண்டு உபவாசம் இருக்க வேண்டாம்.

இன்னொரு தடுமாற்றம் 1 கொரிந்தியர் 12:7-இல் இருக்கிறது. நாம் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில், "ஆவியினுடைய அநுக்கிரகம் அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று அளிக்கப்பட்டிருக்கிறது" என்று வரும். இதைக் கேட்கிறவர்கள், எனக்குக் கொடுத்த வரம் என் பிரயோஜனத்துக்கு என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. மூலத்தில் 'அவனவனுடைய' என்பது பிரயோஜனத்தோடு சேரவில்லை. ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்படுகிறது என்பதோடு சேருகிறது. கத்தோலிக்கச் சகோதரர்கள் வாசிக்கிற திருவிவிலியம் அதே இடத்தைப் "பொது நன்மைக்காகவே" என்று மொழிபெயர்த்திருக்கிறது. அதுதான் பவுலின் கருத்தோடு ஒட்டிப்போகிறது. அந்த அதிகாரம் முழுக்கக் கையும் காலும் கண்ணும் ஒன்றுக்கொன்று வேலை செய்வதைப் பற்றித்தானே! கண் தன்னைத்தானே பார்த்துக்கொள்வதற்காக வைக்கப்படவில்லை.

இதை ஒப்புக்கொண்டால் உங்கள் கேள்வித்தாளின் கதை தெரிந்துவிடும். அதில் என்ன கேட்டிருப்பார்கள்? எனக்கு எது பிடிக்கும், எதில் எனக்குச் சந்தோஷம், எதை நான் நன்றாகச் செய்கிறேன் என்று, எல்லாம் 'எனக்கு', 'நான்' என்றே கேட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட தாள்களை நானும் ஒரு காலத்தில் சபையில் கொடுத்திருக்கிறேன். அதில் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. உங்கள் வாசலுக்கு யார் வருகிறார்கள், என்ன கேட்டு வருகிறார்கள்? ஊரில் ஒரு பெண்ணுக்கு ஆபத்து வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள் என்பதை ஊர் முகாம் வைத்துத் தீர்மானிப்பதில்லை. அது தானாகத் தெரிந்துவிடும். உங்கள் வரத்தை உங்களுக்குள்ளே தேடினீர்கள், கிடைக்கவில்லை. அது உங்கள் திண்ணையில் ரேஷன் கார்டும் பாஸ்புக்குமாக உட்கார்ந்திருக்கிறது.

இப்போது பேதுருவிடம் வருகிறேன். அவரும் மீனவர், கடற்கரைக்காரர்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி. "அவனவன் பெற்ற வரத்தின்படியே நீங்கள் தேவனுடைய பற்பல கிருபையுள்ள ஈவுகளைப் பகிர்ந்துகொடுக்கும் நல்ல உக்கிராணக்காரர்போல, ஒருவருக்கொருவர் உதவிசெய்யுங்கள்" (1 பேதுரு 4:10). உக்கிராணம் என்ற சொல்லை இன்றைய பிள்ளைகள் கேட்டிருக்க மாட்டார்கள். கல்யாண வீட்டில் அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய் எல்லாம் இறக்கி வைத்து ஓர் ஆளைச் சாவியோடு உட்கார வைப்பார்களே, அந்த அறை. அந்த ஆள் பருப்பு யாருடையது என்று குழம்புவதில்லை. பருப்பு கல்யாண வீட்டுக்காரருடையது, சாப்பிடப் போகிறவர்கள் பந்தியில் இருக்கிறார்கள். சமையல்காரர் வந்து கேட்கும்போது அளந்து கொடுக்க வேண்டியது மட்டும் அவர் பொறுப்பு. கேட்டபோது இல்லை என்று சொல்லிப் பூட்டி வைத்தாலும் தப்பு, தன் வீட்டுக்குக் கொஞ்சம் ஒதுக்கினாலும் தப்பு. உங்களிடம் இருக்கிற எழுத்தும், அலுவலகத்தில் எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்ற தெளிவும், அழுகிறவர்கள் பக்கத்தில் பேசாமல் உட்காரத் தெரிந்த மனசும் அந்த அறைச் சாமான். அவை உங்கள் ஊர்ப் பெண்களுக்கு உரியவை. சாவி மட்டும் உங்கள் இடுப்பில்.

அடுத்த வசனத்தில் பேதுரு வரங்களை இரண்டாகப் பிரித்துவிடுகிறார். பேசுகிறவர்கள் ஒரு பக்கம், உதவி செய்கிறவர்கள் ஒரு பக்கம். அவ்வளவுதான். அவர் பட்டியல் நீண்டு போகவில்லை. உதவி என்பதற்கு அங்கே வருகிற சொல்லும், மாற்கு முதலாம் அதிகாரத்தில் அவருடைய மாமியார் காய்ச்சல் விட்டு எழுந்து பணிவிடை செய்தாள் என்று வருகிற சொல்லும் கிரேக்கில் ஒன்றே. அந்த அம்மாவின் சமையல் அவர் நினைவில் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

பவுலின் பட்டியலையும் பாருங்கள். 1 கொரிந்தியர் 12:28-இல் அற்புதங்கள், குணமாக்கும் வரங்கள் என்று சொல்லிவிட்டு, பலவித பாஷைகளுக்கு முன்னால் இரண்டு சொல் வைத்திருக்கிறார்: ஊழியங்கள், ஆளுகைகள். நாம் அவற்றை வேகமாக வாசித்துத் தாண்டிவிடுகிறோம். ஆளுகைகள் என்பது மூலத்தில் கப்பலின் சுக்கான் பிடிக்கிற வேலையைக் குறிக்கிற சொல். உங்கள் வீட்டுக்காரருக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. ஊழியங்கள் என்று நம் வேதத்தில் இருப்பது அந்திலெம்ப்சிஸ், அதாவது விழப்போகிறவரைக் கை கொடுத்துத் தாங்கிக்கொள்வது. எகிப்தில் தாலமி ராஜாக்கள் காலத்துப் பாப்பிரஸ் தாள்கள் மணலுக்குள்ளிருந்து ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் சாதாரண ஜனங்கள் ராஜாவுக்கும் அதிகாரிகளுக்கும் எழுதிய விண்ணப்பங்கள் உண்டு. எனக்கு நியாயம் கிடைக்கவில்லை, என்னைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று கெஞ்சுகிற இடத்தில் இந்தச் சொல்தான் வருகிறது. மனு எழுதுகிறவர்களுக்கு அன்றாடம் பழகிய சொல் அது. அதைத்தான் பவுல் எடுத்து வரங்களின் வரிசையில் வைத்திருக்கிறார். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது இது நினைவுக்கு வந்து எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

எழுதிக் கொடுப்பது என்று வந்த பிறகு இன்னும் இரண்டு பேரைச் சொல்லாமல் விட முடியாது. ரோமர் நிருபம் 12-ஆம் அதிகாரத்திலும் வரங்களின் பட்டியல் இருக்கிறது, முகாமில் கட்டாயம் வாசித்திருப்பார்கள். அந்த நிருபத்தைத் தன் கையால் எழுதியவர் தெர்தியு. 16:22-இல் ஒரே ஒரு வரியில் தன் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறார், அதற்குமேல் அவரைப் பற்றி வேதத்தில் வேறொன்றும் இல்லை. அப்புறம் பேதுரு. ஆலோசனைச் சங்கத்தார் அவரைப் படிப்பறியாதவர் என்று நினைத்ததாக அப்போஸ்தலர் 4:13 சொல்கிறது. உக்கிராணக்காரர் வசனம் வருகிற அந்த நிருபத்தை அவர், உண்மையுள்ள சகோதரனாகிய சில்வானுவினாலே எழுதினேன் என்கிறார் (5:12). ஒரு மீனவருக்கு வேறொருவர் எழுதிக் கொடுத்தார், சகோதரி. அதைத்தான் நாம் இன்றைக்கு வேதம் என்று கையில் வைத்திருக்கிறோம்.

அந்நிய பாஷை கிடைக்கவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். அந்த வரம் பெற்றவர்களை நான் மதிக்கிறேன். நீங்களும் மதியுங்கள். ஆனால் "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று பவுல் கேட்கிற கேள்விக்கு, இல்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. ஆவியானவர் தமது சித்தத்தின்படி பகிர்ந்து கொடுக்கிறார் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. கிடைக்காத ஒன்றை வைத்து உங்கள் விசுவாசத்தை அளக்க அந்த அக்காவுக்கும் அதிகாரம் இல்லை, எனக்கும் இல்லை.

ஞாயிறு பள்ளி விஷயத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊழியத்துக்கு வந்த புதிதில் உங்கள் கரையிலேயே ஒரு சின்னச் சபையில் இருந்தேன். நாற்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். அதில் கட்டுமரத்தில் போகிற ஒருவர், ஐம்பது வயதிருக்கும், ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போவார். யாரோடும் பேச மாட்டார். அவருக்கு ஏதாவது பொறுப்புக் கொடுத்து எழுப்பிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். ஒரு ஞாயிறு, எல்லாருக்கும் முன்னால் பெயர் சொல்லி அழைத்து ஜெபம் செய்யச் சொன்னேன். எழுந்து நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வியர்த்துக் கொட்டியது. உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை.

அவர் வராத முதல் ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் இருந்த தண்ணீர் டிரம் காலியாக இருந்தது. நல்ல தண்ணீருக்கு அந்தக் கரையில் என்ன பாடு என்பது உங்களுக்குத் தெரியும். அவரவர் வீட்டுக்குக் குடம் குடமாகத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். டிரம்மை யார் நிரப்புகிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை. அது நிறைந்திருக்கும், பிள்ளைகள் குடிப்பார்கள், கை கழுவுவார்கள், நானும் குடிப்பேன். ஞாயிறு விடியுமுன் வந்து அவர்தான் நிரப்பிவிட்டுப் போகிறார் என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லித்தான் தெரிந்தது. அவருடைய வரத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று போய் அதையே நான் நிறுத்திவிட்டேன். அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு டிரம் நிறைந்திருந்தது. அதற்கப்புறம் நான் அவரை ஜெபிக்கச் சொல்லவே இல்லை.

உங்கள் போதகரும் என்னைப் போன்றவர்தான். ஞாயிறு பள்ளியில் ஆள் இல்லை, ஓட்டை தெரிகிறது, யார் நல்ல மனசுக்காரரோ அவரைப் பிடித்து அடைக்கப் பார்க்கிறார். போதகர்களாகிய நாங்கள் அடிக்கடி செய்கிற காரியம் இது. எபேசியர் 4:12-இல் மேய்ப்பர், போதகர் எல்லாம் எதற்காக என்று சொல்கையில், பரிசுத்தவான்கள் சீர்பொருந்தும்பொருட்டு என்று இருக்கிறது. யாக்கோபும் யோவானும் படகில் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறாரே, அந்தப் பழுதுபார்த்தலும் இந்தச் சீர்பொருந்துதலும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. வலையில் கிழிசல் வந்தால் கையில் கிடைத்த துணியை வைத்து யாரும் தைப்பதில்லை. பிசிறை வெட்டிவிட்டு, அந்த வலையின் நூலுக்கும் கண்ணியின் அளவுக்கும் ஏற்றபடி ஊசி போட்டு முடிகிறார்கள். உங்கள் கரையில் சாயங்காலம் எந்த மரத்தடியில் பார்த்தாலும் இது நடக்கும். ஆகையால் போதகரிடம் போய், தயங்காமல் இதைச் சொல்லுங்கள்: "ஐயா, பிள்ளைகள் முன்னால் நின்று பேச எனக்கு வரவில்லை. பாடம் எடுக்கிறவருக்கு வருகைப் பதிவு, பிள்ளைகள் பெயர், கணக்கு எல்லாம் நான் எழுதித் தருகிறேன்." மரியாதையாக இல்லை என்று சொல்வது கீழ்ப்படியாமை ஆகாது. அவர் வருத்தப்பட்டால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

மனு உலக வேலை என்ற சகோதரருக்கு நான் பதில் சொல்லப்போவது கொஞ்சம் கடுமையாக இருக்கும். யோப்பா ஒரு துறைமுக ஊர். அங்கே தொற்காள் என்ற விசுவாசப் பெண் இறந்துபோனபோது பேதுருவை அழைத்துக்கொண்டு வந்தார்கள். மேல்வீட்டில் விதவைகள் அழுதுகொண்டே, அவள் உயிரோடிருக்கையில் செய்து கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டினார்கள். அவள் எத்தனை பேரிடம் சுவிசேஷம் சொன்னாள் என்ற கணக்கை வேதம் வைக்கவில்லை. அவள் தைத்த துணியை வைத்திருக்கிறது. சீஷி என்றும் அவளைச் சொல்கிறது. தையல் உலக வேலை இல்லையென்றால் மனுவும் இல்லை.

கைப்பிரதி யோசனையை விட்டுவிடுங்கள். புருஷன் எந்தச் சிறையில் இருக்கிறான் என்று தெரியாமல் வருகிற பெண்ணுக்கு அந்த நேரத்தில் காகிதம் நீட்டினால், இந்த உதவிக்கு ஒரு விலை இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும். உங்களிடம் இந்து வீட்டுப் பெண்களும் முஸ்லிம் வீட்டுப் பெண்களும் வருவார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கரை அப்படிப்பட்டது. ஏர்வாடி தர்காவுக்கும் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுக்கும் யார் யார் போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா? கடலில் ஒருவருக்கு ஆபத்து என்றால் பக்கத்துப் படகுக்காரர் மதம் கேட்டுவிட்டா கயிறு போடுகிறார்? யாவருக்கும் நன்மை செய்யக்கடவோம் என்று கலாத்தியர் 6:10 சொல்கிறது. ஏன் இதைச் செய்கிறாய் என்று யாராவது கேட்டால் அப்போது ஒளிக்காமல், வெட்கப்படாமல், ஆண்டவரைச் சொல்லுங்கள். கேட்பார்கள்.

காசு விஷயம். எழுதுவதற்கு வாங்காதீர்கள். "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்ற வார்த்தை உங்களுக்கும் பொருந்தும். ஆனால் ஜெராக்ஸ், பேருந்துக் கட்டணம், போட்டோ, ஸ்டாம்ப் இவற்றை உங்கள் பாசிக் காசிலிருந்து போடவும் கூடாது. திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குப் பாலம் தாண்டி ராமநாதபுரம் போய்வந்தால் அன்றைய கூலியும் போய்விடுகிறது. யாருக்காகப் போகிறீர்களோ அவர்கள் செலவைப் பார்த்துக்கொள்ளட்டும். அறவே முடியாதவர்கள் என்றால் சபையின் தர்மப் பெட்டியிலிருந்து தரச் சொல்லிப் போதகரிடம் கேளுங்கள், அது சபையின் கடமை. யாராவது பாசத்தில் நாலு மீன் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக் குழம்பு வையுங்கள். அதில் தப்பில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனாகக் காணப்பட வேண்டும் என்று 1 கொரிந்தியர் 4:2 சொல்கிறது. கடலுக்கே போகாத ஒருவரைப் போகிறவராகக் காட்டி நிவாரணத்துக்கு எழுதச் சொல்வார்கள். சொந்தக்காரராக இருப்பார்கள், மறுக்கச் சங்கடமாக இருக்கும். எழுதாதீர்கள். உங்கள் கையெழுத்தை அலுவலகத்தில் அடையாளம் தெரிந்துகொண்டிருப்பார்கள். ஒரு பொய் மனு போனால் அடுத்து வருகிற விதவையின் உண்மை மனுவும் சந்தேகத்தோடு பார்க்கப்படும். அதேபோல, ஒரு வீட்டுக் கடன், ஒரு வீட்டுச் சண்டை, யார் பாஸ்புக்கில் எவ்வளவு என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அது உங்களோடு இருக்கட்டும். ஜெபக் குறிப்பு என்ற பெயரில்கூட வெளியே வர வேண்டாம். நம் சபைகளில் அப்படி நடப்பதைப் பார்த்து நான் மனம் நொந்திருக்கிறேன்.

இனி உங்கள் வீட்டுக்காரர். அவர் சொல்வதைப் பிசாசின் தடை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அதை நம்பாதீர்கள். கரை வந்து சேர்கிற மனுஷனுக்குச் சோறு போட ஆளில்லாமல் வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் பாசம் என்பது என் கணிப்பு.

மறுபடியும் மாற்கு முதலாம் அதிகாரம். அந்த மாமியார் எழுந்த சாயங்காலம் பட்டணத்தார் எல்லாரும் பேதுருவின் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். ஆண்டவர் அநேகரைக் குணமாக்கினார். விடியுமுன் எழுந்து வனாந்தரமான இடத்துக்குத் தனியே போய்விட்டார். பேதுரு தேடிப் போய், உம்மை எல்லாரும் தேடுகிறார்கள் என்றபோது, அவர் திரும்பி அந்த வாசலுக்கு வரவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். வாசலில் காத்திருந்தவர்களை அவர் நேசிக்காமல் இல்லை. பேதுருவும் பின்னாளில் அதைக் கற்றுக்கொண்டார் போலும். உதவி செய்கிறவன் "தேவன் தந்தருளும் பெலத்தின்படி" செய்யக்கடவன் என்று அளவு வைத்து எழுதுகிறார். ஊர் கேட்கிற அளவுக்கு என்று எழுதவில்லை.

ஆகவே வாரத்தில் இரண்டு நாள், சாயங்காலம் இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். வீட்டுக்காரர் கரையில் இருக்கிற நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஆள் பிடிபட்டது, படகு திரும்பவில்லை என்றால் மட்டும் எந்த நேரமும் கதவு திறக்கட்டும். அந்த மாதிரி வீட்டுக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆண்டவர் சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். திரும்பி வரும் வழியில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே வந்தால் பாரம் பாதி இறங்கிவிடும். இறங்காத நாட்களும் இருக்கும். அன்றைக்குப் போதகர் வீட்டம்மாவிடமோ, நம்பிக்கையான மூத்தவர் ஒருவரிடமோ போய் உட்கார்ந்து அழுதுவிடுங்கள். உறக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் சரியாக இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். அதை விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

வீட்டுக்காரரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். பிடிபட்டவர்களுக்கான மனுவில் படகு பதிவு எண், எந்தத் துறையிலிருந்து கிளம்பியது, கூடப் போனவர்கள் யார், எந்தத் திசையில் வலை விட்டிருந்தார்கள் என்பதெல்லாம் வேண்டுமே. அழுதுகொண்டு வருகிற பெண்ணுக்கு அது தெரியாது. அவருக்குத் தெரியும், தெரியாவிட்டால் கரையில் நாலு பேரிடம் கேட்டு வருவார். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அவர் ஒப்புக்கொள்வார் என்று உறுதியாக என்னால் சொல்ல முடியாது. கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண் பிள்ளைகள் இரண்டு பேரைப் பிடியுங்கள். உங்கள் சபைப் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எழுதிய மனுக்களின் நகல் எல்லாம் வைத்திருப்பீர்கள் என்று தெரியும். அவற்றைக் காட்டி, எந்தத் தாளை எதற்குப் பின்னால் வைத்துக் குத்த வேண்டும், ரசீது வாங்காமல் ஏன் திரும்பக் கூடாது, கோபப்படுகிற குமாஸ்தாவிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகள் முன்னால் நின்றால் வாய் உலர்கிறது என்றீர்கள். இதற்கு நிற்க வேண்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அவர்களில் ஒருத்தி எழுதுகிற முதல் மனுவின் நகலை எனக்கு அனுப்பி வையுங்கள். மார்ஜின் விட்டிருக்கிறாளா என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.